மதுவிலக்குக் காலத்து மூன்று தாதா படங்கள்

அமெரிக்காவில் 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 1933 டிசம்பரில் நீக்கப்பட்ட மதுவிலக்கைப் பற்றிப் பேசும்போது, 'லிட்டில் சீசர்' (1931), 'தி பப்ளிக் எனிமி' (1931), 'ஸ்கார்ஃபேஸ்' (1932) ஆகிய மூன்று தாதா படங்களையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. சட்டம் அமலில் இருந்தபோதே வெளியானவை என்பது பொதுவான அம்சம்தான். ஆனால் கள்ள மது வியாபாரம் எப்படி நடந்தது என்பதை அறியும் நோக்கில் பார்த்தால், மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

மெர்வின் லிராய் இயக்கிய 'லிட்டில் சீசர்', பெட்ரோல் பங்கில் கொள்ளையடிக்கும் ரிக்கோ பெருநகரக் கும்பல் ஒன்றின் தலைமையைப் பிடிக்கும் கதை. ரிக்கோவாக நடித்த எட்வர்ட் ஜி. ராபின்சனின் மிடுக்குக்காக இன்றும் பார்க்கலாம். எனினும் மது வியாபாரம் இதில் பெயரளவுக்கே வருகிறது. ரிக்கோவும் உச்சத்தில் இருக்கும்போது குடிப்பதில்லை.

வில்லியம் வெல்மனின் 'தி பப்ளிக் எனிமி' அப்படியல்ல. 1909-இல் தெருச் சிறுவர்களாகத் தொடங்கும் இருவரின் வாழ்க்கையை ஆண்டுவாரியாகக் காட்டும் இப்படத்தில், தடை வருவதற்கு முந்தைய இரவு கடைகளில் மக்கள் முண்டியடித்து, குழந்தை வண்டியில்கூட பாட்டில்களை அடுக்கித் தள்ளிச் செல்லும் காட்சி ஒன்றே அந்தச் சட்டத்தை மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. பிறகு முத்திரையிட்ட கிடங்கிலிருந்து பெட்ரோல் டேங்கர் லாரியில் மதுவைத் திருடுவதும், பீர் ஆலை முதலாளியைக் கூட்டாளியாக்குவதும், தங்கள் சரக்கையே வாங்கும்படி கடைக்காரர்களை மிரட்டுவதும் வரிசையாக வருகின்றன. உற்பத்தி, கடத்தல், விற்பனை என்று தொழிலின் முழுச் சங்கிலியும் கண்ணுக்குத் தெரிகிறது. போரிலிருந்து திரும்பிய நாயகன் டாமின் அண்ணன் மைக், சாப்பாட்டு மேசையின் நடுவே வைக்கப்பட்ட பீப்பாயில் இருப்பது வெறும் பீர் அல்ல, இரத்தம் என்று கத்தி அதைத் தூக்கி எறியும்போது, அந்தத் தொழில் வீட்டுக்குள் நுழைந்ததன் விலையும் புரிகிறது. டாமாக நடித்த ஜேம்ஸ் காக்னியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், அவர் காதலியின் முகத்தில் கிரேப்ஃப்ரூட் பழத்தை அழுத்தும் காட்சியோடு நின்றுவிடுவது எனக்குச் சற்று வருத்தமே.

ஹோவர்ட் ஹாக்ஸின் 'ஸ்கார்ஃபேஸ்' பீரை விற்கும் எல்லைகளுக்காக நடக்கும் சண்டையைப் பற்றியது. தெற்குப் பகுதியோடு நிற்கச் சொல்லும் முதலாளியை மீறி வடக்கே கைவைக்கும் டோனியின் கதைக்குப் பின்னால் சிகாகோவின் கள்ள மதுக் கும்பல் தலைவன் அல் கபோனின் நிழல் வெளிப்படையாகவே இருக்கிறது; 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் ஒரு காட்சியாகிறது. மரணம் நெருங்கும்போதெல்லாம் திரையில் எங்காவது ஒரு பெருக்கல் குறி தோன்றும் உத்தியில் ஹாக்ஸ் மற்ற இருவரையும் மிஞ்சுகிறார்: பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் கூடத்தில் மதிப்பெண் தாளில் அந்தக் குறி விழுகிறது, பந்து உருள்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது, கடைசிக் கட்டை தள்ளாடிச் சாய்கிறது.

திரைமொழிக்கு 'ஸ்கார்ஃபேஸ்', காலத்தைப் புரிந்துகொள்ள 'தி பப்ளிக் எனிமி' என்பதே என் தேர்வு. ஆனால் தணிக்கையாளர்களுக்காக 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் உபதேசக் காட்சிகள் சொருகப்பட்டன. டோனி தூக்கிலிடப்படும் மாற்று முடிவும் எடுக்கப்பட்டது. பார்ப்பவர்கள் அவன் தெருவில் சுடப்பட்டு விழும் பதிப்பையே தேடிப் பார்ப்பது நல்லது. தூக்கு முடிவில் டோனியின் முகத்தைக்கூடக் காட்டுவதில்லை.