பின்படிக்கட்டுக் கதவு: ஷட்டரா, மேக்னெட் லாக்கா, பேனிக் பாரா?

மூன்று மாடிக் கடை கட்டுகிறவர் முன்வாசல் கண்ணாடிக்கு ஒரு மாதம் யோசிப்பார். பின்படிக்கட்டுக் கதவை மட்டும் கடைசி வாரத்தில் வெல்டிங் பட்டறைக்காரர் பொறுப்பில் விட்டுவிடுவார். முன்பக்கம் தீப்பிடித்தால் அத்தனை பேருக்கும் அதுதான் வழி. அங்கே பெரும்பாலும் ஷட்டர், மின்காந்தப் பூட்டான மேக்னெட் லாக், தள்ளினாலே திறக்கும் பேனிக் பார் என்ற மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கிறோம்.

ஷட்டருக்கு நல்லதாகச் சொல்ல இரண்டே விஷயம்: விலை குறைவு, திருட்டுப் பயம் இல்லை. கூட்டம் முட்டிக்கொண்டு தள்ளினால் அது திறக்காது, மாறாகப் பக்கத்துச் சட்டத்தில் இறுகும். மோட்டார் வைத்ததென்றால் கரண்ட் போனதும் சங்கிலியைத் தேட வேண்டும். மேலே சுருளும் கதவையும் பக்கவாட்டில் நகரும் கதவையும் வெளியேறும் வழியில் வைக்கக் கூடாது என்று நம் நாட்டின் கட்டட விதித்தொகுப்பான நேஷனல் பில்டிங் கோடே சொல்கிறது. மடக்கும் கிரில் கேட்டும் இதே ஜாதிதான், அதைத் தனியாக அலச வேண்டியதில்லை.

ஆனாலும் முதலாளிகள் ஷட்டரை விடமாட்டார்கள். காரணம் தீ அல்ல, களவு. இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடை ஆலை எரிந்து 146 பேர் இறந்தபோது, ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வேலைக்கு வந்த பெண்கள் துணியை எடுத்துப்போய்விடக் கூடாது என்று ஒரே வாசலில் பையைச் சோதித்து அனுப்பும் பழக்கம் அங்கே இருந்தது.

சரி, மேக்னெட் லாக்குக்கு வருவோம். ஆபீஸ்களில் கண்ணாடிக் கதவின் தலைப்பகுதியில் நீளமாக ஒட்டியிருக்குமே, அது. மின்சாரம் ஓடும்வரை பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். ஒற்றைக் கதவுக்குப் போடும் சாதாரண மாடலே 280 கிலோ இழுவையைத் தாங்கும். “கரண்ட் போனா தானா திறந்துக்கும் சார்” என்று விற்பவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அவரே ஒரு பேட்டரியையும் சேர்த்து மாட்டிவிட்டுப் போவார். நான் பார்த்த ஓர் ஆபீஸில் மெயினை அணைத்துப் பார்த்தோம். விளக்கு போனது, ஏசி போனது, கதவு மட்டும் அசையவில்லை. பேட்டரி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது!

அதனால் மேக்னெட் லாக் போடுவதென்றால் இரண்டு வயரிங் கட்டாயம். ஃபயர் அலாரம் அடித்ததும் லாக்குக்குப் போகும் மின்சாரம் அறுபட வேண்டும். கதவருகே அவசரத்துக்கென்று இருக்கும் பச்சைப் பெட்டியை அமுக்கினாலும் அதே நடக்க வேண்டும், அதுவும் லாக்கை இயக்கும் கன்ட்ரோலர் போர்டு வழியாகச் சுற்றிப்போகாமல் நேரடியாக. போர்டு தொங்கிப்போனால் அதை நம்பியிருக்கும் எக்ஸிட் பட்டனும் சேர்ந்து தொங்கும். இதெல்லாம் சரியாக இருந்தாலும், புகைக்குள் பெருவிரல் அளவுப் பட்டனைத் தேடிப்பிடிக்க நிதானம் வேண்டும்.

பேனிக் பாருக்கு அந்த நிதானம் தேவையில்லை. கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு தண்டு, உடம்பு மோதினாலே தாழ் விலகும். இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் 1883இல் விக்டோரியா ஹாலில் 183 குழந்தைகள் நசுங்கி இறந்தார்கள். மாடிப்படி முடிவிலிருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஒரு பிள்ளை நுழையும் இடைவெளி மட்டும் விட்டு அதற்குத் தாழ் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் தள்ளினால் விலகும் தாழுக்கு 1892இல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்க விதிகளில் இந்தத் தாழ் விலக 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது.

முதலாளியின் களவு பயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. வெளிப்பக்கம் கைப்பிடியே வைக்க வேண்டாம். உள்ளேயிருந்து யாராவது தள்ளினால் கத்தும் அலாரம் வைத்த பாரும் கிடைக்கிறது. ஷட்டரைவிடச் செலவு கூடும்தான். ஆனால் கெடுதல் விலையில் இல்லை, அப்புறம் நாம் செய்யும் வேலையில் இருக்கிறது. தானாக மூடி இரண்டு மணி நேரம் தீயைத் தடுக்க வேண்டிய கதவைக் காற்றுக்காகத் திறந்துவைத்து, மூடாமலிருக்கத் தீயணைப்பு சிலிண்டரையே முட்டுக்கொடுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எதை வாங்கினாலும் அளவு மாறாது. கோட் கேட்பது குறைந்தது 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். தியேட்டர், மண்டபம் போன்ற கூட்டம் கூடும் இடமென்றால் அகலமும் 2 மீட்டர். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், திறந்ததும் காலை நேராகப் படியில் வைக்கும்படி இருக்கக் கூடாது, உள்ளேயிருந்து திறக்கச் சாவி தேவைப்படக் கூடாது.

என் தேர்வு: கடைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பேனிக் பார். கார்டு தேய்க்கும் ஆபீஸ் என்றால் முன்வாசலில் மேக்னெட் லாக் இருக்கட்டும், படிக்கட்டில் பேனிக் பார்தான். “அப்போ ராத்திரிக்கு?” என்று கேட்பார்கள். கடைசி ஆள் கிளம்பியதும் கதவுக்கு வெளியே ஷட்டரையும் இறக்கிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: காலையில் சாவியோடு வருகிறவர் முதலில் பின்பக்கம் போய் அதை முழுதாக ஏற்றிவிட்டுத்தான் முன்வாசலைத் திறக்க வேண்டும்.