மின்வாசிப்பில் ஹைலைட்டும் குறிப்பும்: சாதாரண வாசகருக்கு எவ்வளவு தேவை?

மின்வாசிப்பான் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் திரையைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து விலையை. அப்புறம், "போன்ல ஹைலைட் பண்ணினா இதுலயும் வருமா?" என்ற கேள்வி வரும். வரும் என்றால் முகம் மலர்ந்துவிடும். நான் பல வருடங்களாக அமேசானின் மின்வாசிப்பானான ஒரு கிண்டில் பேப்பர்வொயிட், அதே கணக்கில் போன் செயலி, அக்கா டொராண்டோவிலிருந்து கொண்டுவந்த கோபோ என்ற இன்னொரு நிறுவனத்தின் மின்வாசிப்பான் என மூன்றிலும் மாறி மாறிப் படிக்கிறேன். இந்தப் பழக்கத்திலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆர்வத்துக்காகப் படிக்கிறவருக்கு எல்லாச் சாதனத்திலும் வந்தே ஆக வேண்டியது, விட்ட பக்கம். ஹைலைட் எல்லாத் திரையிலும் தெரிவது இரண்டாம்பட்சம். ஆனால் அந்த ஹைலைட்டும் குறிப்பும் ஒரு சாதாரணக் கோப்பாக நம் கைக்கு வர வேண்டும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதை யாரும் கேட்பதில்லை.

விட்ட பக்கத்தை முதலில் பார்த்துவிடுவோம். தாம்பரம் ரயிலில் நின்றுகொண்டு போனில் சில பக்கம், இரவு படுக்கையில் மின்வாசிப்பானின் மின்மைத் (இ-இங்க்) திரையில் சில பக்கம் என்று படிக்கிறவருக்கு, எங்கே விட்டோம் என்று தேடுவது பெரிய தொல்லை. ஒரு சாதனத்தில் விட்ட இடம் இன்னொன்றில் தானாக வந்து நிற்கும் இந்தச் சிங்க் ஒழுங்காக நடந்தால் ஒரு நாவல் ஒரு வாரம் முன்னாடியே முடிந்துவிடும். என் அப்பா சரித்திர நாவல்களை எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படிப்பவர். இதுவரை ஒரு வரியைக்கூட அவர் ஹைலைட் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் டேப்லெட்டில் விட்ட இடம் கிண்டிலில் வராவிட்டால் உடனே என்னைக் கூப்பிடுவார். நம்மில் பெரும்பாலானவர்களின் தேவை அவ்வளவுதான்.

இதில் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்களைக் கிண்டிலில் கொண்டுவந்தது. ஆனாலும் நாம் படிப்பதில் நிறைய, கடையில் வாங்காதவை. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இறக்கிய இபப் (மின்னூல்களுக்கான பொதுக் கோப்பு வடிவம்), பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்தின் நூல்கள், நண்பர்கள் அனுப்பியவை என்று பலவகை. இவற்றைக் கிண்டில் திறக்கும் வடிவத்துக்கு மாற்றிக் கேபிள் மாட்டி உள்ளே போட்டால் அந்தச் சாதனத்தோடு நின்றுவிடும். பக்கமும் சிங்க் ஆகாது, ஹைலைட்டும் ஆகாது. அதையே 'செண்ட் டு கிண்டில்' என்ற அமேசானின் அனுப்பும் வசதி வழியாக அனுப்பினால் உங்கள் கணக்கில் சேர்ந்து, போனிலும் கிண்டிலிலும் ஒரே இடத்தில் திறக்கும். 2022 முதல் இபப் கோப்பையே அப்படி அனுப்ப முடிகிறது. சிங்க் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே பிரச்சினை தீர்ந்தது. கோபோவில் நான் கேஓரீடர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறேன். அதோடு வரும் சிங்க் வசதி, விட்ட இடத்தை மட்டும்தான் சாதனம் விட்டுச் சாதனம் கொண்டுபோகும். அங்கே போட்ட ஹைலைட் போனில் தெரியாமல் இருப்பது என் வாசிப்பை ஒருநாளும் நிறுத்தவில்லை.

சரி, ஹைலைட்டுக்கு வருவோம். ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலால் ஒரு பத்தியைத் தொட்டு இழுப்பது மின்மைத் திரையில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. திரை மெதுவாகத்தான் மாறும். விரல் ஒரு வரி தள்ளிப் போகும். பத்தி அடுத்த பக்கத்துக்குத் தொடர்ந்தால் இன்னும் சிரமம். அதனால் நான் பத்தியின் முதல் சொல்லை மட்டும் அழுத்திப் பிடித்து ஹைலைட் செய்துவிட்டுப் படிப்பதைத் தொடர்வேன். இடம் பதிவாகிவிடும், அது போதும். வீட்டுக்கு வந்தபின் அது முக்கியம் என்று தோன்றினால் போனில் திறந்து முழுப் பத்தியையும் எடுப்பேன். பாதிக்கு மேல் அப்படித் தோன்றாது. படிக்கும் நொடியில் பெரிதாகத் தெரிந்த வரி மாலைக்குள் சாதாரணமாகிவிடுகிறது. என் கணக்கில் இதுவே நல்ல வடிகட்டி.

இந்த ஓர் இடத்தில் மட்டும் இரு சாதன சிங்க் எனக்கு உண்மையாகவே உதவுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மற்றபடி பழைய ஹைலைட்டைத் தேடி நான் புத்தகத்தைத் திறப்பதே அபூர்வம். ஒரு நண்பரிடம் பேசும்போதோ, ஏதாவது எழுதும்போதோதான் "அந்த வரி எங்கேயோ படித்தோமே" என்று தேடுவேன். அப்போது எந்தப் புத்தகம், எந்தக் கடையில் வாங்கியது, எந்தச் செயலி என்பதெல்லாம் நினைவில் இருக்காது. எல்லாம் ஒரே இடத்தில் எழுத்தாக இருந்தால்தான் தேட முடியும்.

கிண்டிலைக் கணினியில் மாட்டினால் உள்ளே 'மை கிளிப்பிங்ஸ்' என்று ஓர் எளிய உரைக் கோப்பு இருக்கும். பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. முதல் வரியில் நூலின் பெயரும் ஆசிரியரும், அடுத்த வரியில் இடத்தின் எண்ணும் தேதியும் நேரமும், பிறகு நீங்கள் ஹைலைட் செய்த வரிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரிசை சமக்குறிகள். அவ்வளவுதான். இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், எந்தக் கணினியிலும் திறக்கும். இதைப் போல நேர்மையான வசதியை நான் வேறு எந்தச் சாதனத்திலும் பார்க்கவில்லை. இரண்டு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். அந்தச் சாதனத்தில் செய்தவை மட்டும்தான் இதில் வரும், போனில் செய்தவை வராது. அப்புறம், ஒரு ஹைலைட்டை நீட்டினாலோ அழித்தாலோ பழையதும் கோப்பில் அப்படியே கிடக்கும். அமேசானில் வாங்கிய நூல்கள் என்றால், கணக்கின் நோட்புக் பக்கத்தில் போனில் செய்தவையும் சேர்ந்து தெரியும். மாத வாடகைத் திட்டத்தில் எடுத்துப் படித்துத் திருப்பிக் கொடுத்த நூலின் குறிப்புகளும் அழிந்துவிடாது. மறுபடி எடுத்தால் பழைய இடத்திலேயே இருக்கும்.

ஆனால் ஒரு வரம்பு உண்டு. ஒரு நூலில் எவ்வளவு உரையை வெளியே எடுக்கலாம் என்பதைப் பதிப்பாளர் தீர்மானிக்கிறார். பல நூல்களில் அது பத்தில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடும். அதைத் தாண்டினால் கோப்பில் வரிகளுக்குப் பதிலாக வரம்பு முடிந்தது என்ற அறிவிப்புதான் இருக்கும். அறுநூறு பக்க நாவலில் இது தெரியவே தெரியாது. மெல்லிய கவிதைத் தொகுப்பில் நாலைந்து கவிதைகளை முழுதாக எடுப்பதற்குள் முட்டிவிடும். காசு கொடுத்து வாங்கியவர் தனக்காகப் பிடித்த கவிதையை எடுத்து வைப்பதற்குக்கூட அளவு போடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. திருட்டைத் தடுக்க நினைப்பது புரிகிறது, ஆனால் அடிபடுவது வாங்கியவர்தான்.

தமிழில் இன்னொரு சிக்கல் பிடிஎஃப். திரையில் பார்க்க அழகாக இருக்கும். ஹைலைட் செய்து நகலெடுத்தால், 'பொழுது' என்பது 'ெபாழுது' என்று வந்து நிற்கும். கொம்பு முன்னாடி ஓடிவிடும், துணைக்கால் தனியாகத் தொங்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பழைய கோப்பு என்றால் தமிழே வராது, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு கூளம்தான். அதை எத்தனை சாதனத்தில் சிங்க் செய்து என்ன பயன்? அந்த மாதிரிக் கோப்புகளில் நான் ஹைலைட் செய்வதையே விட்டுவிட்டுப் பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறேன். ஒரே நூல் இபப்பிலும் பிடிஎஃபிலும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இபப்பை எடுங்கள்.

யாருக்கு முழு வசதியும் வேண்டும் என்று கேட்டால், மொழிபெயர்ப்பவர்கள், ஆய்வு செய்பவர்கள், வாசகர் வட்டத்தில் நூலைப் பற்றிப் பேசப் போகிறவர்கள். இவர்களுக்கு ஹைலைட் என்பது வேலைக்கான கருவி. தேர்வுக்குப் படிப்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் தங்கை டிஎன்பிஎஸ்சி தேர்வுக்காகச் சமச்சீர் பாடநூல்களை டேப்லெட்டில் வைத்துக்கொண்டு பக்கம் முழுக்க மஞ்சளாக்கி வைத்திருந்தாள். கற்றல் முறைகளை ஒப்பிட்டு ஜான் டன்லோஸ்கியும் சக உளவியலாளர்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஹைலைட் செய்வதைக் குறைந்த பயன் தரும் முறை என்றே வகைப்படுத்தியது. தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பார்ப்பதும், இடைவெளி விட்டு விட்டுப் படிப்பதும்தான் அதில் மேலே வந்தன. இதைச் சொன்னபின் அவள் குறிப்புப் பெட்டியில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கேள்வியை எழுத ஆரம்பித்தாள். அதே வசதிதான், பயன்பாடு மட்டும் மாறியது.

குறிப்புதான் ஹைலைட்டைவிடப் பெரியது என்பது என் அனுபவமும். வெறும் மஞ்சள் வரியை ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அதில் என்ன கண்டோம் என்றே விளங்காது. அதனடியில் "பாட்டி சொன்ன பஞ்சக் கதை" என்று ஒரு வரி இருந்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். தமிழில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கோப்பில் 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்', 'வீட்டுக்கு' எதுவும் சிக்காது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தடி' வராது. அதனால் ஹைலைட்டின் கீழ் குறிப்பில் வீடு, மரம், பஞ்சம் என்று வேர்ச்சொல்லையே எழுதிவைக்கிறேன். பிறகு தேடுவது நொடி வேலை. மின்மைத் திரையில் தமிழில் தட்டச்சு செய்வது கடினமாக இருந்தால் போனில் செய்யலாம், அங்கே விசைப்பலகை வசதியாக இருக்கும்.

ஒரு நிறுவனத்தின் குறிப்புகள் இன்னொன்றில் திறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆப்பிள் புக்ஸ் ஐகிளவுட் வழியாக ஐபோன், ஐபேட், மேக் மூன்றிலும் காட்டும். ஆண்ட்ராய்டு போனில் காட்டாது. கூகுள் பிளே புக்ஸில் ஓர் அமைப்பை இயக்கினால் குறிப்புகளை உங்கள் கூகுள் டிரைவில் ஓர் ஆவணமாக எழுதிவைக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. கேஓரீடர் மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவிலும் வெறும் உரையாகவும் ஏற்றுமதி செய்யும். வலைக் குறிப்புகளுக்கென்று 2017-லேயே, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஒரு பொதுத் தரத்தை வெளியிட்டுவிட்டது. ஆனால் பெரிய மின்னூல் கடைகள் ஒவ்வொன்றும் தன் குறிப்பைத் தன் வீட்டுக்குள்தான் வைத்திருக்கிறது. நான் முன்பு பயன்படுத்திய ஒரு சிறிய வாசிப்புச் செயலி ஒருநாள் மூடப்பட்டது. அதற்குள்ளிருந்த குறிப்புகள் அதோடு போய்விட்டன. எல்லாச் சாதனத்திலும் அழகாக சிங்க் ஆனவைதான் அவை. எனவே கோப்பு கையில் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இன்னொன்று: பிறர் அதிகம் ஹைலைட் செய்த வரிகளைப் புள்ளிக்கோட்டில், இத்தனை பேர் என்ற எண்ணோடு கிண்டில் காட்டும். அதை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். ஒரு கதையில் எந்த வரி நம்மைத் தொட வேண்டும் என்று முன்கூட்டியே யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பேனாவோடு வரும் பெரிய திரைச் சாதனங்களுக்கு இரு மடங்கு செலவழிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்றால் யோசிக்கலாம், நாவலும் கட்டுரையும் மட்டும் என்றால் வேண்டாம். எந்தச் சாதனமானாலும் வாங்கும் முன், வைத்திருக்கும் ஒருவரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு தமிழ் இபப்பைத் திறந்து, ஒரு பத்தியை ஹைலைட் செய்து, தமிழில் ஒரு குறிப்பு எழுதி, அதை வெளியே எடுத்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறாமல், குறிப்பும் சேர்ந்து, சாதாரணக் கோப்பில் வந்து நின்றால் வாங்கலாம்.