அடித்துவிட்டுப் பெருக்குவதா, பெருக்கிவிட்டுச் சுருக்குவதா?

அண்ணன் மகள் ஏழாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து, ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை சாயங்காலத்தில் டியூஷன் சென்டர். போன மாதம் முழுக்கப் பின்னக் கணக்கு. பெருக்கலும் கூட்டலும் ஒன்றாக வந்தால் பெருக்கலை முதலில் முடிக்க வேண்டும், கூட்டல் அப்புறம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. அந்தப் பெருக்கலை எப்படி முடிப்பது என்பதில்தான் வீட்டுக்குள் மூன்று கட்சி.

அண்ணன் தசமக் கட்சி, எதையும் புள்ளி வைத்து எழுதுவார். அவள் நோட்டில் இருப்பது இன்னொரு வழி: மேலே மேலே, கீழே கீழே பெருக்கி, எல்லாம் முடிந்தபின் சுருக்குவது. நான் பெருக்கும் முன்பே அடித்துவிடும் ஆள், அதாவது மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் ஒரே எண்ணால் வகுத்துச் சிறிதாக்கிவிடுவேன். மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன், இன்னும் என் கட்சியில்தான் இருக்கிறேன். ஆகவே நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

தசமத்தை முதலில் முடித்துவிடலாம். கரைக்கு வந்த பாடு, அதாவது வலையில் பட்டது, 48 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்கு இறால், மீதி நீலக்கால் நண்டு. இறாலில் முக்காலையும் நண்டில் பாதியையும் ஒரே வியாபாரி எடுக்கிறார். அவருக்குப் போனது எத்தனை பங்கு? 2/3 × 3/4 + 1/3 × 1/2. விடை 1/2 + 1/6, அதாவது 2/3. கிலோவில் 32.

அவள் 2/3-ஐ 0.66 என்றும் 1/3-ஐ 0.33 என்றும் எழுதினாள். வியாபாரிக்கு 31.68 கிலோ, நமக்கு மீதி 15.84 கிலோ. இரண்டையும் கூட்டினால் 47.52 தான் வருகிறது. 480 கிராம் எங்கே என்று கேட்டேன். “நண்டு தப்பிச்சு ஓடிருச்சு அத்தை” என்றாள். நாலு இலக்கம் எழுதினால் இந்த ஓட்டை சிறுத்துவிடும், உண்மைதான். ஆனால் பரீட்சையில் விடையைப் பின்னமாகக் கேட்டால்? 0.6666 என்பதைப் பார்த்து 2/3 என்று சொல்லிவிடலாம். 0.541666 என்பதைப் பார்த்து 13/24 என்று யார் சொல்வது?

அந்த 13/24 எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியமான விஷயம். கணக்கு இது: 5/8 × 4/15 + 7/12 × 9/14.

நோட்டு வழியில் போனால் 20/120 + 63/168. இப்போது 120-க்கும் 168-க்கும் மீச்சிறு பொது மடங்கு எடுக்க வேண்டும். அது 840. பின்னங்கள் 140/840, 315/840 என்று மாறி, கூட்டினால் 455/840. அதை ஐந்தால், அப்புறம் ஏழால் வகுத்துச் சுருக்கினால் 13/24. இதில் தப்பான அடி ஒன்றுகூட இல்லை. ஆனால் அவள் இதை மூன்று தடவை போட்டு மூன்று விடை கொண்டுவந்தாள். எங்கே வழுக்கினாள் என்று தேட எனக்கே கால் மணி நேரம் ஆனது. ஒரு தடவை 840-க்குப் பதில் 480, இன்னொரு தடவை 315-ல் ஒரு பிழை.

முதலில் அடித்துவிட்டால்? முதல் ஜோடியில் 5-ம் 15-ம் அடிபட்டு 1, 3 ஆகும். 4-ம் 8-ம் அடிபட்டு 1, 2 ஆகும். கிடைப்பது 1/6. இரண்டாம் ஜோடியில் 7, 14 போய் 1, 2. 9, 12 போய் 3, 4. கிடைப்பது 3/8. ஆறுக்கும் எட்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 24 என்பது வாய்ப்பாட்டிலேயே இருக்கிறது. 4/24 + 9/24 = 13/24. எண்கள் சின்னதாக இருப்பதால் வேகம் வருகிறது என்பது இருக்கட்டும். தப்பு நடந்தால் அது எந்த வரியில் என்று ஒரு பார்வையில் தெரிகிறது பாருங்கள், எனக்கு அது ஒன்று போதும்.

என் கட்சியிலும் ஒரு பள்ளம் உண்டு. கூட்டல் குறியைத் தாண்டி அடிக்கவே கூடாது. அடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. மேலே உள்ள இறால் கணக்கில் அவள் முதல் ஜோடியின் மேலே இருந்த 3-ஐயும் இரண்டாம் ஜோடியின் கீழே இருந்த 3-ஐயும் அடித்துவிட்டாள். 2/3 × 1/4 + 1 × 1/2 என்று ஆனது. விடை? 1/6 + 1/2, அதே 2/3! தப்பாக அடித்தும் சரியான விடை. அவளிடம் அது தப்பு என்று நம்ப வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் இரண்டாவது கணக்கைக் கொடுத்து அதே மாதிரி அடிக்கச் சொன்னேன். 4-ம் 12-ம் குறியைத் தாண்டி அடிபட்டதில் இரண்டாம் ஜோடி 7/3 × 9/14, அதாவது ஒன்றரை ஆகிவிட்டது. ஒன்றை விடச் சிறிய இரண்டு பின்னங்களைப் பெருக்கி ஒன்றரை எப்படி வரும் என்று அவளே நிறுத்தினாள். இப்போது கூட்டல் குறியின் இரண்டு பக்கமும் நீளமாகக் கோடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறாள்.

முன்பே அடித்துவிட்டோமே என்று கடைசிச் சுருக்கலை விட்டுவிடவும் கூடாது. 1/2 + 1/6 என்பது 4/6 ஆகத்தான் முதலில் வரும்.

பழைய தமிழ்ப் பின்னங்களை நாலாவது கட்சியாகச் சேர்க்கலாமா என்று ஒரு ஆசை வந்தது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி முந்திரி வரை வரும். முந்திரி என்றால் 1/320. அதுவரையுள்ள எல்லாமே 320-க்குள் அடங்குவதால் மீச்சிறு பொது மடங்கு தேடும் வேலையே கிடையாது. 1/20 என்பது மா, 1/80 என்பது காணி. இரண்டும் சேர்ந்தால் 5/80, அதாவது 1/16. அதன் பெயர் மாகாணி, கூட்டலே பெயரில் இருக்கிறது! 1957-ல் நயா பைசா வரும் வரை ரூபாய்க்கு 16 அணா என்பதால், ஒரு ரூபாயில் மாகாணி என்றால் ஓர் அணா. ஆனால் 320-ஐ மூன்றால் வகுக்க முடியாது. எங்கள் இறால் கணக்கு முதல் அடியிலேயே தரைதட்டிவிடும்.

அடிக்க எதுவுமே இல்லாத கணக்கும் வரும். 2/5 × 3/7 + 1/2 × 1/3 போட்டுப் பாருங்கள், என் வழியும் நோட்டு வழியும் ஒன்றுதான்: 71/210. எட்டாம் வகுப்புக்கு மேல் நான் சொல்லிக் கொடுத்ததில்லை; எழுத்துகள் கலந்த கணக்கில் இந்தச் சாய்வு எவ்வளவு தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். படகின் டீசல், ஐஸ் செலவை மட்டும் அண்ணன் இன்னும் புள்ளி வைத்துத்தான் எழுதுகிறார். அதில் நான் தலையிடுவதில்லை.