கார் இல்லாத வீடு, பச்சைக் குழந்தை, டாக்சிப் பயணம்: எது சரிவரும்?

பிரசவம் முடிந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு ஒரு டாக்சி. இரண்டு நாள் கழித்து மஞ்சள் காமாலைக்கு ரத்தம் பார்க்க பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) ஒன்று, திரும்பிவர ஒன்று. அளவு இறங்கவில்லையென்றால் மறுபடியும் வரச் சொல்வார்கள். கார் வைத்திருக்க எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றே லட்சம் வெள்ளியைத் தொட்டுவிட்ட சிங்கப்பூரில், சொந்தக் கார் இல்லாத பெற்றோருக்கு முதல் வாரம் இப்படித்தான் ஓடும். என் மகள் பிறப்பதற்கு முன் நானும் கணவரும் இருந்த வழிகளையெல்லாம் பொங்கோல் வீட்டில் உட்கார்ந்து அலசினோம். பிறந்த பிறகு பாதி எண்ணம் மாறியது.

முதலில் சட்டம். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளை காரில் போனால் அதற்கேற்ற இருக்கை வேண்டும். டாக்சிக்கு இதில் விலக்கு உண்டு. செயலியில் அழைத்தால் வரும் தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கிராப் செயலியில் ‘ஜஸ்ட்கிராப்’ மாதிரிப் பொதுவான சேவையை அழுத்தினால் டாக்சியும் வரலாம், தனியார் காரும் வரலாம். தனியார் கார் வந்து, கையில் குழந்தையைப் பார்த்ததும் ஓட்டுநர் மாட்டேன் என்றால் அவரைக் கோபிக்க முடியாது. 120 வெள்ளி அபராதமும் 3 குற்றப்புள்ளிகளும் அவர் தலையில்தான் விழும். அதனால் டாக்சி மட்டும் என்று தேர்ந்தெடுத்து அழையுங்கள், அல்லது டாக்சி நிற்குமிடத்துக்கு நடந்துவிடுங்கள்.

சரி, டாக்சிக்கு விலக்கு இருக்கிறதே, மடியில் வைத்துக்கொண்டு போனால் என்ன? எங்கள் வீட்டில் அத்தை சொன்னதும் இதுதான்: “நான் இறுக்கிப் பிடிச்சுக்கிறேன்மா, நாலு பிள்ளைய அப்படித்தானே வளர்த்தேன்.” பாசத்தில் குறையே இல்லை. கணக்குதான் இடிக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், அந்தக் கணத்தில் மூன்றரைக் கிலோ குழந்தை கைக்கு ஏறக்குறைய 50 கிலோ கனம் கனக்கும். அரிசி மூட்டையை அப்படிப் பிடிக்க எந்தக் கையாலும் ஆகாது. நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணிப்பையும் தீர்வல்ல. அது நடப்பதற்குத் தைத்தது; மோதலில் நம் உடம்பின் பாரம் முழுக்கக் குழந்தைமேல் சாயும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். சட்டம் விலக்குத் தந்தது டாக்சி ஓட்டுநர் நாளெல்லாம் இருக்கை சுமந்து திரிய முடியாது என்கிற நடைமுறைக்காக; குழந்தையின் கழுத்துக்கு அப்படி ஒரு விலக்கு இல்லை.

ஆக, இருக்கையை நாமே கொண்டுபோக வேண்டும். போட்டி இரண்டு வகைக்கு இடையில்தான்.

ஒன்று, கைப்பிடி வைத்த கூடை இருக்கை. பின்னோக்கிப் பார்த்தபடி வைப்பது, பெரும்பாலும் 13 கிலோ வரை. எடை நான்கு கிலோவை ஒட்டி. இன்னொன்று, டூனா மாதிரி, சக்கரம் மடங்கி உள்ளே போய்விடுகிற இருக்கை. வண்டியிலிருந்து இறக்கிச் சக்கரத்தை விரித்தால் அதுவே தள்ளுவண்டி. பார்த்தவுடன் மனசு இதற்குத்தான் போகும், எனக்கும் போனது. மருந்தகத்தில் இறங்கி அப்படியே தள்ளிக்கொண்டு போகலாமே!

ஆனால் அது ஏழு கிலோவுக்கு மேல். குழந்தையோடு சேர்த்தால் பத்தைத் தாண்டும். எனக்கு அறுவைப் பிரசவம். குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கணவருக்கு ஷிப்ட் வேலை, பாதி நாள் நானும் அத்தையும் மட்டும்தான். பத்துக் கிலோவைக் குனிந்து டாக்சிக்குள் ஏற்றுவது யார்? விலையும் அப்படித்தான், அந்தக் காசுக்குக் கூடை இருக்கை இரண்டு வாங்கிவிடலாம். கூட ஒரு திடமான ஆள் எப்போதும் இருக்கிற வீட்டுக்கு, அடிக்கடி வெளியே போகிறவர்களுக்கு, அது நல்ல பொருள், மறுக்கவில்லை. எங்களுக்குக் கூடைதான் சரிப்பட்டது. காலி இருக்கையை முதலில் மாட்டிவிட்டு, அத்தை குழந்தையை நீட்ட, நான் உள்ளே உட்கார்ந்தபடி வாங்கிப் படுக்க வைப்பேன்.

எதை வாங்கினாலும் ஒரு கேள்வியைக் கடையிலேயே கேளுங்கள்: காரிலேயே பொருத்தி வைக்கும் தனி அடித்தளம் இல்லாமல் வண்டியின் பெல்ட்டை வைத்து மட்டுமே மாட்ட முடியுமா? ஐசோஃபிக்ஸ் கொக்கியையே (சில கார்களின் சீட்டில் இருக்கைகளை மாட்டவென்று இருப்பது) நம்பியிருக்கிற இருக்கை நமக்கு உதவாது. எந்த டாக்சி வரும், அதில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பெல்ட் பாதை பெரும்பாலான கூடைகளில் இப்படி: இடுப்புப் பட்டை குழந்தையின் கால்பக்கம் இருக்கிற வழிகாட்டிக்குள், தோள்பட்டை முதுகுப்பக்கம் சுற்றி. இதை வாசலில் டாக்சி காத்திருக்கும்போது முதல்தடவை செய்து பார்க்காதீர்கள். நாங்கள் புளோக்கின் கீழே பக்கத்து வீட்டு அண்ணன் காரில் நான்கைந்து தடவை மாட்டிக் கழற்றிப் பழகினோம். அப்புறம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஒருதடவை வந்த டாக்சியில் பெல்ட் நீளம் பற்றவில்லை, சுற்றி வரவே மாட்டேன் என்றது. அந்த அங்கிளிடம் மன்னிப்புக் கேட்டு வேறு வண்டி அழைத்தோம்.

பின்சீட்டில் இடதுபக்கம் மாட்டினால் நடைபாதையிலிருந்தே ஏற்றி இறக்கலாம். காற்றுப்பை உள்ள முன்சீட்டில் கூடவே கூடாது. டாக்சியில் ஏசி குளிரும் என்று குழந்தையைத் துணியில் சுருட்டி அதன்மேல் இருக்கையின் வாரைப் போடுவது நம் வீடுகளில் எல்லோரும் செய்வது, தவறு. வார் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், தோள் மட்டத்தில் தொடங்கி, விரலால் கிள்ளினால் மடிப்பு வராத அளவுக்கு. துணியை அதற்குமேல் போர்த்துங்கள். தாடை நெஞ்சில் இடிக்காமல் இருக்கிறதா என்று போகும்போது பார்த்துக்கொண்டே இருங்கள். வீடு வந்ததும் தூங்குகிறதே என்று அதிலேயே விட்டுவிடாமல் எடுத்துத் தட்டையாகப் படுக்க வையுங்கள்.

செயலிகளில் பிள்ளை இருக்கையோடு வரும் வண்டி? பிள்ளை கொஞ்சம் வளர்ந்தபின் உதவும். முன்பதிவு செய்யும்முன் எந்த வயதுக்கு என்று படியுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு என்று இருந்தால் உங்களுக்கு அல்ல.

பேருந்தையும் எம்ஆர்டி ரயிலையும் ஒதுக்க வேண்டாம். 2017 முதல் பேருந்தில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம், நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கு லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தையல் ஆறிய பிறகு, காலை நெரிசல் அடங்கிய நேரத்தில், நாங்கள் இப்போது அதில்தான் போகிறோம். மழை நாளுக்கும் நடுராத்திரிக் காய்ச்சலுக்கும் கூடை இருக்கை வாசல் செருப்பு அலமாரிமேல் தயாராக இருக்கிறது.