எஸ்பெராண்டோ: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் அதன் ஒலியும் இலக்கணமும்

உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவை அறிமுகப்படுத்துவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைச் சொல்லித் தொடங்குவார்கள். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலிதான் என்பது ஒன்று. இலக்கணம் முழுவதும் பதினாறு விதிகளில் அடங்கிவிடும் என்பது மற்றொன்று. பல ஆண்டுகளாக இம்மொழியில் படித்தும், கடிதம் எழுதியும், இணையவழியே வெளிநாட்டாருடன் பேசியும் வருகிற எனக்கு இவ்விரண்டு கூற்றுகளும் பொய்யாகத் தோன்றவில்லை. ஆனால் முதல் கூற்றை நம்பித் தமிழர் அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்பதும், இலக்கணம் நமக்கு எளிதாக இருப்பதற்குப் பதினாறு என்ற எண் காரணமல்ல என்பதும் என் அனுபவம்.

1859இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் பியாவிஸ்தோக் நகரில் பிறந்த கண் மருத்துவர் சாமென்ஹோஃப், 1887இல் வார்சாவில் ரஷ்ய மொழியில் ஒரு சிறு பாடநூலை வெளியிட்டு இம்மொழியை உலகுக்குத் தந்தார். 1905இல் பிரான்சின் பூலோன்-சூர்-மேர் நகரில் கூடிய முதல் உலக மாநாடு, இம்மொழியின் அடிப்படையை எவரும் மாற்றலாகாது என்று ஏற்றுக்கொண்டது. பயனாளருக்கு இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. நூற்றாண்டுக்கு முந்தைய கட்டுரையை இன்று எடுத்தாலும் உரையாசிரியர் துணையின்றிப் படிக்க முடிகிறது.

இனி ஒலிக்கு வருகிறேன். இருபத்தெட்டு எழுத்துகளில் உயிர் ஐந்துதான். குறில், நெடில் வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை என்பதால் உயிரொலிகள் நமக்கு ஒரு தொல்லையும் தருவதில்லை. தொல்லை மெய்யில்தான் இருக்கிறது. தமிழில் ஒரு வல்லின எழுத்து சொல்லின் முதலிலும், இரட்டிக்கும் இடத்திலும் அழுத்தமாகவும், மெல்லினத்தை அடுத்து வரும்போது மென்மையாகவும் தானாகவே ஒலிக்கும். பந்து, பங்கு, பாம்பு ஆகிய சொற்களைச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். இதை நாம் கற்றுக்கொள்வதில்லை, நாக்கே செய்துவிடுகிறது. எஸ்பெராண்டோவிலோ இவ்விரு ஒலிகளும் தனித்தனி எழுத்துகள், இடம் பார்த்து மாறாதவை. உலகம் என்பதற்கு மோன்தோ. மலை என்பதற்கு மோன்த்தோ. முன்னதில் பந்து என்னும் சொல்லில் உள்ள மெல்லோசையும், பின்னதில் பத்து என்னும் சொல்லில் உள்ள வல்லோசையும் வர வேண்டும். இங்கே வேறுபாடு தெரிவதற்காகத் தகரத்தை இரட்டித்து எழுதியிருக்கிறேனே தவிர, மூல மொழியில் இரட்டிப்பு இல்லை. தமிழ் நாக்கு மலையைச் சொல்லும்போதெல்லாம் உலகத்தைச் சொல்லிவிடும். வங்கி, காலம், பாலம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களிலும் மெல்லினத்தை அடுத்து வல்லோசை வருவதால் இதே சிக்கல் எழுகிறது. மொழியின் பெயரையே எடுத்துக்கொண்டால், எஸ்பெராண்டோ என்று நாம் எழுதிப் படிக்கும்போது ஒலிக்கும் மென்மையான டகரம் அம்மொழியாரின் வாயில் கிடையாது.

சொல் முதலில் வேறு வகையான இடையூறு. எருதும் ஆற்றலும் தமிழெழுத்தில் போவோ என்றே வரும். ஒன்றில் மெல்லோசை, மற்றொன்றில் வல்லோசை. ஆங்கிலப் பயிற்சி உள்ளவர்கள் இதை எளிதில் கடந்துவிடுவார்கள். மெல்லினத்தை அடுத்த இடம் ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களையும் விடாது என்பதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பாடநூல்கள் எல்லாம் ஐரோப்பியரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால் இதைப் பற்றி ஒரு வரிகூட அவற்றில் நான் கண்டதில்லை.

மற்ற ஒலிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொண்டையில் உரசி வரும் ஹகரம் ஒன்று தனி எழுத்தாக இருக்கிறது. ஆனால் வேதியியல், தொழில்நுட்பம் போன்ற சொற்களில் காலப்போக்கில் ககரமே அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் அது அரிதாகத்தான் தேவைப்படும். அறிதல் என்பதற்கான வினை ஸ்த்ஸீ-இ என்று மூன்று மெய்கள் மோதிக்கொண்டு தொடங்குகிறது. உலகப் பொதுமொழி ஒன்றை அமைக்க முனைந்தவர் இப்படி ஒரு சொல்லை, அதுவும் நாள்தோறும் வேண்டிய சொல்லை, ஏன் வைத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும், விதிவிலக்கு கிடையாது. ஆங்கிலத்தில் முதலசையில் அழுத்திப் பழகிய ரேடியோ இங்கே ரதீயோ ஆகிவிடும். இந்த ஒழுங்கு பிடிபட்டதும் வேகமான பேச்சிலும் ஒரு சொல் எங்கே முடிகிறது என்று காது கண்டுபிடித்துவிடுகிறது.

இலக்கணத்தில் நமக்குக் கிடைக்கும் சலுகைகளை எந்தப் பாடநூலும் சொல்லித் தரவில்லை. நானே ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டேன். வினாச் சொற்களும் சுட்டுச் சொற்களும் ஐந்து தொடக்கங்களும் ஒன்பது முடிவுகளும் சேர்ந்த நாற்பத்தைந்து சொற்களாக ஒரு கட்டத்தில் அடைக்கப்பட்டுள்ளன. ஐரோப்பியர் மனப்பாடம் செய்யத் திணறும் பகுதி இது. தமிழருக்கோ எங்கே, அங்கே, எப்போது, அப்போது, எவ்வளவு, அவ்வளவு என்ற வரிசை பிறந்தது முதல் தெரியும். கியே, தியே, கியாம், தியாம், கியோம், தியோம் என்பவை அதே வரிசைதான். எங்கோ, எங்கும் என்று நாம் ஓகாரமும் உம்மையும் சேர்த்துப் பெறும் பொருள்களுக்கு அங்கே இயே, ச்சியே என்ற வடிவங்கள் இருக்கின்றன. இங்கே என்பதற்கு மட்டும் தனித் தொடக்கம் இல்லை. அங்கே என்பதோடு ஓர் இடைச்சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தன்வினையும் பிறவினையும். முடிந்தது, முடித்தான், உடைந்தது, உடைத்தான் என்று இரண்டையும் பிரித்துப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். ஆங்கிலத்தில் ஒரே வினை இரண்டுக்கும் நிற்பதால், அம்மொழியார் எஸ்பெராண்டோவில் மிகுதியாக இடறும் இடம் இதுதான். முடித்தல் ஃபீனி, முடிதல் ஃபினீஜி. உடைத்தல் ரோம்ப்பி, உடைதல் ரொம்ப்பீஜி. இங்கே பிறவினையே வேராக இருக்க, ஒட்டுச் சேர்த்துத் தன்வினையைப் பெறுகிறோம். கொதித்தலுக்கு இது தலைகீழ்: போலி என்றால் தானே கொதித்தல், போலீகி என்றால் கொதிக்க வைத்தல். வேறுபாட்டின் தேவை நமக்கு விளங்கினாலும், எந்த வேர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை ஒவ்வொன்றாகத்தான் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கும் என்ற அமைப்பும் தியோ ப்ளாச்சாஸ் அல் மி என்று அப்படியே வந்து நிற்கும். பிடிக்கிற பொருள் எழுவாயாகவும் பிடிக்கப் பெற்றவர் நான்காம் வேற்றுமையிலும் அமைகின்றனர். வந்த மனிதர், வருகிற மனிதர், வரப்போகிற மனிதர் என்ற பெயரெச்சத் தொடர்களுக்கும் முக்கால எச்ச வடிவங்கள் உண்டு. அவற்றைத் தமிழர் தேவைக்கு மேல் பயன்படுத்துவார்கள் என்பது வேறு செய்தி. அன்றாட எழுத்தில் மற்ற எஸ்பெராண்டோ பயனாளர்கள் அதற்குப் பதிலாக இணைப்புச் சொல்லோடு தனி வாக்கியமாக்கிச் சொல்வதையே விரும்புகிறார்கள்.

இரண்டாம் வேற்றுமைதான் நம்மை ஏமாற்றும். செயப்படுபொருளின் ஈற்றில் ஒரு னகரம் சேர வேண்டும் என்றவுடன், ஐ உருபுபோலத்தானே என்று தோன்றும். ஆனால் தமிழில் புத்தகம் வாங்கினேன் என்றும் சொல்கிறோம், புத்தகத்தை வாங்கினேன் என்றும் சொல்கிறோம். முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது முன்பே பேச்சில் வந்த புத்தகம். எஸ்பெராண்டோவில் குறிப்பிட்ட பொருள் என்று காட்டும் வேலையை லா என்ற தனிச் சொல் செய்கிறது; னகரமோ இரண்டு இடங்களிலும் கட்டாயம். மி அச்சேத்திஸ் லிப்ரோன் என்றால் புத்தகம் வாங்கினேன். லா லிப்ரோன் என்றால் புத்தகத்தை. ஆட்களைப் பற்றிய வாக்கியங்களில் தவறாமல் னகரம் போடும் தமிழர், அஃறிணைப் பொருள்களில் அதை விட்டுவிடுவதன் காரணம் இதுவே. 1907இல் இம்மொழியைத் திருத்தி உருவாக்கப்பட்ட ஈதோ, செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வந்தால் மட்டும் னகரம் போதும் என்று தளர்த்தியது. அந்தத் தளர்வு எனக்கு ஏற்புடையதல்ல. னகரம் எப்போதும் இருப்பதால்தான் நான் தமிழ் வரிசையில் வினையைக் கடைசியில் வைத்து எழுதினாலும் படிப்பவருக்குக் குழப்பம் வருவதில்லை.

குறைகளும் உண்டு. வினையில் காலம் மட்டும் தெரியும். ஆள், எண், பால் தெரியாது. எனவே வந்தேன் என்று ஒரே சொல்லில் நிறுத்த முடியாமல் வாக்கியத்துக்கு வாக்கியம் மி, மி என்று எழுத வேண்டியிருப்பது தமிழ்க் காதுக்குத் தற்பெருமைபோலக் கேட்கும். நாம், நாங்கள் இரண்டும் நி. நீ, நீங்கள் இரண்டும் வி. எழுபது வயதுப் பெரியவரையும் பள்ளிச் சிறுவரையும் ஒரே சொல்லால் அழைப்பதில் சில மாதங்களில் கூச்சம் போய்விட்டது. நாம், நாங்கள் வேறுபாடு இல்லாமை மட்டும் இன்னும் உறுத்துகிறது. நாளை சந்திப்போம் என்று ஒருவர் எழுதினால், அதில் நானும் அடக்கமா என்று திருப்பிக் கேட்க நேர்கிறது. தந்தை பாத்ரோ, அதோடு பெண்பால் ஒட்டுச் சேர்த்தால் தாய் பத்ரீனோ. தாய்க்குத் தனி வேர் இல்லை என்ற குறையைப் பயனாளர்களே நெடுங்காலமாகப் பேசி வருகிறார்கள். ஆண்பாலுக்கும் ஓர் ஒட்டு வேண்டும் என்ற முன்மொழிவைச் சிலர் எழுத்தில் கையாண்டும் வருகிறார்கள். எதிர்ச்சொற்களை எல்லாம் மல் என்ற ஒரே முன்னொட்டால் ஆக்குவது நினைவுச் சுமையைக் குறைக்கிறது. ஆயினும் கெட்டது, சிறியது, குளிர்ந்தது, இடப்பக்கம் எல்லாம் மல்போனா, மல்கிராந்தா, மல்வார்மா, மல்தெக்ஸ்த்ரா என்று வந்துகொண்டே இருந்தால் பக்கம் முழுவதும் ஒரே ஒலியாகிவிடுகிறது.

பதினாறு விதிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செயப்பாட்டுவினையில் நடந்து முடிந்ததைக் காட்டும் எச்சம் வர வேண்டுமா, நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் எச்சம் வர வேண்டுமா என்ற சண்டை ஆண்டுக்கணக்காக நடந்து, 1967இல் எஸ்பெராண்டோ கழகம் முடிவு சொன்ன பிறகே ஓரளவு தணிந்தது. விதிகள் போதுமானவையாக இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கு இடமே இருந்திருக்காது. நல்ல எழுத்தைப் படித்துப் படித்துத்தான் வழக்கு பிடிபடும். மற்ற மொழிகளைப் போலத்தான் இதுவும்.

சொற்களஞ்சியம் பெரும்பாலும் லத்தீன் வழிவந்த மொழிகளிலிருந்தும் ஜெர்மானிய மொழிகளிலிருந்தும் எடுக்கப்பட்டது என்பதால், ஆங்கிலம் அறியாத தமிழருக்கு வேர்ச்சொற்கள் அனைத்தும் புதியவை. இம்மொழி எல்லோருக்கும் சமமானது என்ற கூற்று இந்த இடத்தில் எடுபடாது. இருந்தும் ஐரோப்பியர் மட்டுமே இதில் தேறினார்கள் என்று சொல்வதற்கில்லை. கொல்கத்தாவைச் சேர்ந்த மொழியியலாளர் பிரபால் தாஸ்குப்தா 2007 முதல் 2013 வரை உலக எஸ்பெராண்டோ சங்கத்தின் தலைவராக இருந்தார்.

புதிதாகத் தொடங்குவோர் இலவசப் பாடங்களுக்கு 2002 முதல் இயங்கும் லெர்னு தளத்துக்குச் செல்லலாம். அதிலுள்ள ஒலிப்பதிவுகளைக் கேட்டு மோன்தோ, மோன்த்தோ போன்ற இணைகளை முதல் வாரத்திலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது. அகராதிக்கு நான் நம்புவது, 1970இல் முதலில் வெளிவந்து இப்போது இணையத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கும் பெரிய ஒருமொழி அகராதியை. ஒவ்வொரு வினைக்கும் அது செயப்படுபொருள் ஏற்குமா, ஏற்காதா என்ற குறி அதில் தரப்பட்டிருக்கிறது. கொதித்தலும் உடைத்தலும் எந்தப் பக்கம் என்ற ஐயம் வரும்போது அந்தக் குறியைப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.