வேலூர் வெயிலில் சூயிங்கம்: யாருக்கு எது சரி?

பெட்டிக்கடை ஜாடியில் கிடப்பதெல்லாம் ஒன்றல்ல. பிள்ளைகள் கேட்பது பூமர். நன்றாக இழுபடும், முட்டை ஊத இதுதான் தோது. ஆனால் வாயில் போட்டதும் ஊதினால் கிழிந்துவிடும். சர்க்கரை கரையும்வரை நாலைந்து நிமிடம் மெல்லணும்.

ஆம்பூர் பிரியாணியும் வெங்காயப் பச்சடியும் சாப்பிட்டவருக்கு சென்டர் ஃபிரெஷ். நடுவில் திரவம் இருப்பதால் முதல் கடியிலேயே புதினா ஜில்லென்று ஏறும். சீக்கிரமே சப்பென்று ஆகிவிடுவதுதான் குறை. சுவை எச்சிலில் கரைந்து உள்ளே போய்விட, கரையாத பசை மட்டும் மிஞ்சுகிறது.

பல் சொத்தைக்குப் பயப்படுபவர்கள் ஆர்பிட் போன்ற சர்க்கரை இல்லாததை வாங்குங்கள். சாப்பிட்டதும் 20 நிமிடம் மென்றால், ஊறும் எச்சில் வாயிலுள்ள அமிலத்தைக் குறைக்கும். அதற்காக வரிசையாகப் போட்டுத் தள்ளாதீர்கள். சர்க்கரைக்குப் பதிலாக இதில் சேர்க்கும் சார்பிட்டால் என்ற இனிப்பு வயிற்றை உப்ப வைக்கும், பேதியும் ஆகும். பல்செட் வைத்தவர்கள், தாடை வலி உள்ளவர்களுக்கு எதுவுமே வேண்டாம். விழுங்கக்கூடாது என்று புரியாத வயதுப் பிள்ளைக்கும் தரவே தராதீர்கள்.

அக்னி நட்சத்திரத்தில் கடை வாசலில் தொங்கும் சரத்தைத் தவிர்த்து, உள்ளே நிழலில் இருப்பதைக் கேளுங்கள். பேப்பர் பிய்ந்து கம்மோடு ஒட்டி வந்தால், அது இளகி மறுபடி இறுகிய சரக்கு. துணியில் ஒட்டினால் ஐஸ் கட்டி வைத்து, விறைத்ததும் சுரண்டுங்கள். தலைமுடி என்றால் தேங்காய் எண்ணெய் தடவி, பசை இளகியதும் மெல்ல உருவிவிடலாம், கத்தரி தேவையில்லை.