லெவல் ஏறினால் அடி படுமா, அடி வலிக்குமா?

ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டங்களில் பாத்திரங்கள் லெவல் ஏறி வலுவாவார்கள்; அந்த வலு எந்த எண்ணில் ஏறுகிறது என்பதுதான் கேள்வி. லெவல் 20 ஃபைட்டர் (போர்வீரன்) ஒருவன் வெட்டவெளியில் சும்மா நிற்கிறான். இருபது கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) அம்பு விடுகின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் கோப்ளினுக்குத் தாக்குதல் +4, அதாவது இருபது பக்கப் பகடையில் விழும் எண்ணோடு 4 கூட்டும். ஃபைட்டரின் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 20 என்றால், பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். ரவுண்டுக்குச் சராசரியாக ஐந்து அம்பு தைக்கும். கிரிட்டிக்கலையும் (20 விழுந்தால் வரும் கூடுதல் சேதம்) சேர்த்தால் சுமார் 30 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) போகும். அவனிடம் 184 இருந்தாலும் ஆறேழு ரவுண்டில் ஆள் சாய்ந்துவிடுவான்.

இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் (2019) இதே காட்சி கேலிக்கூத்தாகிவிடும். கோப்ளின் வாரியருக்கு +8, ஃபைட்டரின் ஆர்மர் கிளாஸ் 45 வாக்கில். பகடையில் 20 விழுந்தாலும் மொத்தம் 28தான். அங்கே 20 விழுந்தால் முடிவு ஒரு படி உயரும், அவ்வளவே: கிரிட்டிக்கல் தோல்வி, அதாவது படுதோல்வி, வெறும் தோல்வியாகும். இருநூறு கோப்ளின் வந்தாலும் கீறல் விழாது.

லெவலை எந்த எண்ணில் ஏற்றுகிறோம் என்பதுதான் இந்த வித்தியாசம். ஐந்தாம் பதிப்பில் ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்காகப் பகடையோடு கூட்டும் எண்) 20 லெவலில் +2-லிருந்து +6 வரைதான் நகரும். கோப்ளினின் ஆர்மர் கிளாஸ் 15, ஏன்ஷியன்ட் ரெட் டிராகனுடையது 22. ஹிட் பாயின்டோ 7-க்கு எதிராக 546. +5 தாக்குதல் உள்ள லெவல் 1 ஃபைட்டரின் வீச்சு அந்த டிராகன்மேல்கூட ஐந்தில் ஒருமுறை படும், ஆனால் அதற்கு வலிக்காது. பழைய எதிரிகள் கடைசிவரை உபயோகப்படுவது இதன் லாபம். நஷ்டம், தலைக்கணக்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது. அதனால்தான் 2014 விதிகள் சண்டையின் கடினத்தைக் கணக்கிடும்போது, மூன்று முதல் ஆறு எதிரிகள் இருந்தால் எக்ஸ்பியை (எதிரிகளின் மதிப்புப் புள்ளி) இரண்டால் பெருக்கச் சொல்கின்றன. பதினைந்தோ அதற்கு மேலோ என்றால் நான்கால். அப்படியும் கணக்கு உதைக்கும்.

பாத்ஃபைண்டரில் ப்ரொஃபிஷியன்சியோடு லெவல் முழுசாகக் கூடுகிறது. இலக்கை 10 தாண்டினால் கிரிட்டிக்கல் (இருமடங்கு சேதம்) என்பதால் +2 இரண்டு இடத்தில் வேலை செய்யும். 11 விழுந்தால் படும் என்ற நிலையில் சராசரி சேதம் ஒரு அடியின் 0.55 மடங்கு, +2 கிடைத்தால் 0.70. எதிரிக்கோ அது 0.45 ஆகக் குறையும். ஹிட் பாயின்ட், சேத வளர்ச்சியையும் சேர்த்தால் இரண்டு லெவல் இடைவெளி பலத்தை இரட்டிப்பாக்குகிறது. எக்ஸ்பி பட்டியலும் அதையே சொல்கிறது: சம லெவல் எதிரி 40, இரண்டு கூடினால் 80, நான்கு கூடினால் 160. நால்வர் பார்ட்டிக்கு 80 மிதமான சண்டை, 160 உயிர்ப் போராட்டம். நம்பிச் சண்டை அமைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் லெவல் 1, 2-இல் பார்ட்டியைவிட இரண்டு லெவல் கூடிய ஒற்றை எதிரியை இறக்காதீர்கள். ஒரே கிரிட்டிக்கலில் ஒரு ஆள் விழுந்துவிடுவான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பின் (2000) கோளாறு வேறு. லெவல் 20-இல் ஃபைட்டருக்கு அடிப்படைத் தாக்குதல் +20, விசார்டுக்கு (மந்திரவாதி) +10. ஒரே பகடையில் பத்து வித்தியாசம் வந்துவிட்டால், ஒருவனுக்குச் சவாலான ஆர்மர் கிளாஸ் இன்னொருவனுக்குச் சுவர்.

லெவலே வேண்டாம் என்றால் கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆட்டம். ஏழாம் பதிப்பில் ஸ்கில் மட்டும் வளரும். ஹிட் பாயின்ட் 11, 12 என்று அங்கேயே நிற்கும். பழம் தின்று கொட்டை போட்ட துப்பறிவாளனும் இரண்டு குண்டில் காலி. திகில் கதைக்குச் சரி, டன்ஜன் இறங்க உதவாது.

ஊர் ஊராகச் சுற்றும் திறந்த உலக ஆட்டத்துக்கு ஐந்தாம் பதிப்பின் வழி. ஒவ்வொரு சண்டையும் துல்லியமாக அமைய வேண்டுமானால் பாத்ஃபைண்டர். இரண்டுக்கும் நடுவே, ப்ரொஃபிஷியன்சியிலிருந்து லெவலைக் கழிக்கும் மாற்று விதி பாத்ஃபைண்டரிலேயே உண்டு. அதை எடுத்தால் ஆட்டக்காரர்களின் தாளில் மட்டும் கழித்துவிட்டு நிற்கக் கூடாது. மான்ஸ்டரின் தாக்குதல், ஆர்மர் கிளாஸ், சேவ் (ஆபத்தைத் தவிர்க்க உருட்டுவது), ஸ்கில், மந்திர இலக்கு எண் எல்லாவற்றிலும் அதன் லெவலைக் கழிக்க வேண்டும். எக்ஸ்பிக்கு அந்த விதியோடு வரும் தனிப் பட்டியலைப் பிடியுங்கள். பழையதை வைத்தால் சின்ன எதிரிக் கூட்டம் மலிவாகத் தெரிந்து பார்ட்டியைத் தின்றுவிடும்.